தலையணைக்கு அடியில் ஓர் எபிரேயத் தாள்

படிக்கத் தெரியாத எழுத்து பிள்ளையைக் காக்குமா? மூன்று வாரமாக யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

இங்கே இத்தாலியில், பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, அதாவது சிஞ்ஞோரா, ஓய்வுபெற்ற பேராசிரியை. 'கபாலா' என்கிற, யூதர்களின் பழைய ஞான நூல்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு நாள், சில பக்கங்களைப் போட்டோகாப்பி எடுத்துவர என்னை வியா மக்வேதா தெருவுக்கு அனுப்பினார். புத்தகத்தைப் புரட்டினால்... பத்து வட்டங்கள், கோடுகள், நடுவே எபிரேய எழுத்துகள். அப்படியே நம் யந்திரத் தகடு!

மகளுக்கு இரண்டு வயது. மூச்சிழுப்பு. கை சும்மா இருக்குமா? கேட்காமலே எனக்கும் ஒரு பிரதி எடுத்து, அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

கணவர் கண்டுவிட்டார். "இஞ்சேரும், எங்கடை சாமி நல்லூரான் லீவிலை போட்டாரோ? யூதற்றை ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்!"

"பகிடி விடாதையுங்கோ. பிள்ளை நேற்று இருமேல்லையெல்லே?"

உண்மைதான். அந்தத் தைரியத்தில் இரண்டு நாள் டாக்டர் தந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டேன். நான் — விஞ்ஞானம் படித்தவள்! மூன்றாம் நாள் காலை அவள் நெஞ்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாஸ்க் வைத்து அவள் மூச்சு சீராகும்வரை என் மூச்சு என்னிடம் இல்லை.

மறுநாள் சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்:

"மாலா, அது கடவுளை யோசிக்கிறதுக்கு வரைஞ்ச படம். பிறகு வந்தவை அதைத் தாயத்தாக்கிச்சினம். கீழ்க் கடைக்காரன் கண்ட கனவுக்கு லொத்தோச் சீட்டு நம்பர் பார்க்கிறதையும் 'கபாலா' எண்டுதான் சொல்லுறான். இப்ப நீ யந்திரமாக்கிப்போட்டாய். ஆனா, மருந்தை நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் எழுதேல்லை!"

எழுதியவர் எதையோ நினைத்து எழுதுகிறார். பின்னால் வரும் நாம், அவரவர் பயத்தைக்கொண்டு படிக்கிறோம். இல்லையா?

"அப்ப கிழிச்சு எறியட்டோ?" என்றேன். அவர் முகம் மாறியது.

"அதிலை கடவுளின்ரை பேர் கிடக்கு. யூதர் அதை எறியமாட்டினம். மண்ணிலை புதைப்பினம்."

இப்போது மருந்து நேரம் தவறுவதில்லை. தாள் மட்டும் அலமாரியில். ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. மண் என்றால் பால்கனித் துளசித் தொட்டி ஒன்றுதான். துளசி கோபித்தால்? தாளுக்குள்ளே இருப்பவர் கோபித்தால்? மகள் லேசாகத் தும்மினாலும் அலமாரியைத்தான் பார்க்கிறேன்.

புதைக்கவா, வைத்திருக்கவா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள் — கணவருக்குத் தெரியாமல், என் பெயருக்கு.