நான் எழுதாமல் விட்ட பெயர்

எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயிருந்தார்கள். மூன்றாவது தங்கி எட்டாம் மாதம் நடக்கும்போது, நாலு வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், எனக்கு உதிரம் போகத் தொடங்கியது.

டயகமப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. சபையில் ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன். வேதத்திலுள்ள எபிரெயப் பெயர்களுக்குப் பொருள் எழுதி ஒரு கொப்பி வைத்திருந்தேன். தேவன் கேட்கிறவர் என்பதைச் சொல்லும் சாமுவேல், சிமியோன் என்று எத்தனையோ வீட்டாருக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளைகளுக்குத்தான் பெயர் வைக்கும் நாள் வரவில்லை.

அன்று தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது. மழையில் ரோட்டில் மண் சரிந்து, எந்த வாகனமும் மேலே வர வழியில்லை. என் கணவர் செல்வமும் லயத்து வரிசை வீட்டு ஆட்களும் என்னைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "கேட்கிறவர்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே ஆண்டவரே, என்னையக் கேட்கிறீங்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதில் விசுவாசத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

முழங்கால் சேற்றில் சரிவைக் கடந்தபோது அந்தப் பக்கம் ஒரு வேன் நின்றது. லயம் லயமாய்ச் சேலை, உடுப்பு விற்க வரும், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரிகளில் ஒருவர், பாதை அடைபட்டதால் வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துணி மூட்டைகளை இறக்கி மழையில் ரோட்டோரம் போட்டார். எல்லாம் நனைகிறதே என்று செல்வம் தயங்கினார்.

"துணி காஞ்சிரும். தங்கச்சிய ஏத்துங்க," என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். பையன் பிறந்தான். இரண்டு கிலோகூட இல்லை. இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று செல்வத்திடம் டொக்டர் சிங்களத்தில் சொன்னாராம்.

மூன்றாம் நாள் அந்த வியாபாரி பிள்ளையைத் துடைத்துச் சுற்ற ஒரு துவாயோடு பார்க்க வந்தார். அப்போதுதான் அவர் பெயரைக் கேட்டேன். இஸ்மாயில் என்றார்.

வேதத்தில் அது இஸ்மவேல். 'தேவன் கேட்கிறார்' என்று பொருள். வனாந்தரத்தில் ஆகார் தவித்து நின்றபோது, அவள் வயிற்றுப் பிள்ளைக்குத் தேவதூதன் சொன்ன பெயர். தெரிந்தும், அது நம் ஆட்களுக்கான பெயரில்லை என்று என் கொப்பியில் எழுதாமல் விட்டிருந்தேன். மறைக்க மனம் வராமல் அதை அவரிடமே சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "எங்க உம்மாவும் ரொம்ப காலம் அல்லாகிட்ட துஆ கேட்டுத்தான் என்னப் பெத்தாங்க," என்றார். பிறகு, மகனுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறோம் என்று கேட்டார்.

"எலிஷாமா," என்றேன். "'என் தேவன் கேட்டார்'னு அர்த்தம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பேருதாங்க நானா."

எலிஷாமாவுக்கு இப்போது நாலு வயது. அவனைக் கூப்பிடும்போதெல்லாம் நன்றி சொல்வதாகவே நினைக்கிறேன். யாரைக் கொண்டு உதவி அனுப்ப வேண்டும் என்று ஆண்டவருக்கு நான் இப்போது வழி சொல்வதில்லை. முந்திய இரண்டு பிள்ளைகள் ஏன் தங்கவில்லை என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் சாட்சி சொல்லவும் மாட்டேன். ஆனால் ஜெபிக்க வார்த்தை இல்லையே என்று இருக்கிறவர்கள் இதை வாசித்தால், உள்ளதை உள்ளபடியே அவரிடம் சொல்லிப் பாருங்கள். என் அரைகுறைச் சத்தத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.