பிளாஸ் ஹெண்ட்ரேயின் கீழ்க்கோடி அறை

எம்ரிஸ் வீட்டோடு மாப்பிள்ளையாக ஹெண்ட்ரே என்ற பண்ணைவீட்டுக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இந்த நாற்பது வருடத்தில் அந்த வீட்டின் கீழ்க்கோடி அறைக்குள் அவன் சரியாக ஐந்து முறை போயிருக்கிறான். நான்கு முறை மனைவி வீட்டாரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க, ஒரு முறை ஆர்மோனியத்தை நகர்த்த. மற்ற நாட்களில் அது பூட்டிக் கிடக்கும். இல்லையென்றால் போதகர் மைரிக் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அறைக்குக் காவல் அவன் மனைவி எலுனெட். வீடு அவள் அப்பா வழி வந்தது. மலைச்சரிவில் தலை மேலும் கால் கீழுமாகப் படுத்துக் கிடக்கிற நீளமான கல் வீடு. மேல்கோடியில் பெரிய கணப்போடு சமையல்கூடம், நடுவில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போகும் நடை, அதைத் தாண்டினால் அந்த அறை. பார்த்தால் குடியானவன் வீடுதான். எலுனெட் கல்யாணமான மறு வருடமே வாசல் கேட்டில் வீட்டின் பெயருக்கு முன்னால் ‘பிளாஸ்’ என்று எழுதி அதை மாளிகையாக்கிவிட்டாள்; அவர்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். அரை டப்பா பெயின்ட்டோடு வேலை முடிந்தது.

மாளிகை என்றால் சரித்திரம் வேண்டாமா? அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். கீழ்க்கோடி அறையில் அந்தக் காலத்துப் பிரபு ஒருவர் தர்பார் நடத்தினாராம். உத்திரத்தில் வரிசையாக இருக்கும் துளைகள் வாள் மாட்டுவதற்காம். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது, பிரபு உயரத்தில் உட்காரவும் குடிபடைகள் தாழ நிற்கவுமாம். கடைசிச் சுவரின் அடியில் உள்ள ஓட்டை எதிரி மேல் அம்பு விடுவதற்காம். தரையோடு தரையாக இருக்கிற ஓட்டையில் அம்பு விட்டால் எதிரியின் கணுக்காலில்தான் படும் என்று எம்ரிஸ் ஒரு தடவை சொல்லிவிட்டு, மூன்று நாள் பேச்சுத்துணை இல்லாமல் சாப்பிட்டான். மழை பிடித்தால் அந்த அறையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பும். அதற்கு மட்டும் சரித்திரம் கிடையாது. அது எம்ரிஸின் காலுறை நாற்றமாம்.

போன வருடம் அவன் முழங்கால் இரண்டும் போயின. மாடுகளை விற்றாயிற்று. படுக்கையறை மாடியில். கணப்புக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளேயே சுருண்டு ஏறும் கல் படிக்கட்டு. அதில் குழந்தை மாதிரி நாலு காலில் ஏறிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஐந்தாவது படியிலிருந்து உருண்டு வந்தான். இனிமேல் படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“கீழ ஒரு கட்டில் போட்டுக்கறேனே, எலுனெட். அந்த ரூம் சும்மாதானே கிடக்கு?”

“சும்மாவா? போதகர் வந்தா எங்க உக்காருவார், உன் மடியிலயா?”

“அவர் மாசத்துக்கு ஒரு நாள் வர்றார். நான் தெனமும் தூங்கணும்.”

“தூங்கறதுக்கு தர்பார் மண்டபம் கேக்குதாக்கும் உனக்கு!”

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அப்புறம் கேட்டபோதெல்லாம் இதே பதில்தான். குளிர்காலம் முழுக்கச் சமையல்கூடத்து மர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். காலையில் கழுத்தை நிமிர்த்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் வீடு அவளுடையது.

மே மாதம், எலுனெட் பழைய கட்டிடங்களைப் பதிவு செய்கிறவர்களுக்கு எழுதிப் போட்டாள். சுவரில் ஒரு நினைவுப் பலகை பதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாரெட் என்ற பெண் அளவு நாடாவும் டார்ச்சுமாக வந்து இறங்கினாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று போதகரும் அழைக்கப்பட்டிருந்தார். எலுனெட் திராட்சை போட்ட ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, நல்ல பீங்கான் கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள். எம்ரிஸ் நிலைப்படிக்கு வெளியே கைத்தடியோடு நின்றான்.

மாரெட் உத்திரத்தைப் பார்த்தாள், சுவர் ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள், கம்பளத்தைச் சுருட்டச் சொன்னாள். போதகர் கோப்பையோடு எழுந்து நாற்காலியைத் தள்ளினார். அடியில் வரிசையாகப் பலகைக் கற்கள். அவள் ஒன்றை நெம்பித் தூக்கினாள். கீழே ஒரு வாய்க்கால், நேராக அம்பு ஓட்டைக்குப் போயிற்று. அந்த நாற்றமும் எழுந்து வந்தது. எம்ரிஸ் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பூட்ஸ் போட்டிருந்தான்.

“அடேங்கப்பா! அப்படியே முழுசா இருக்கே!” என்று மாரெட் கூவினாள்.

“என்னம்மா அது?” என்றார் போதகர்.

“சாணியும் மூத்திரமும் போற வாய்க்கால்ங்க, ஐயா. உங்க நாற்காலி சரியா அது மேலதான் இருந்துச்சு. இது மாட்டுக்கொட்டில். மேல்பக்கம் மனுஷங்க, கீழ்ப்பக்கம் மாடுங்க, ரெண்டுக்கும் ஒரே வாசல். அந்தத் துளையெல்லாம் மாடு கட்ட முளைக்கம்பு செருகினது.” பிறகு எலுனெட்டிடம் திரும்பினாள். “நானூறு வருஷத்து வீடும்மா. கொட்டில் இவ்வளவு நல்லா மிஞ்சியிருக்கறது ரொம்ப அபூர்வம். பலகை கண்டிப்பா கிடைக்கும்.”

“பலகையில என்ன எழுதுவீங்க?”

“மனுஷனும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ வாழ்ந்த வீடுன்னு.”

போதகர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கால்சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எம்ரிஸுக்கு அதற்கு மேல் வாயைக் கட்ட முடியவில்லை.

“அப்போ உங்க பிரபுவுக்கு எத்தனை காம்பு, எலுனெட்?”

பலகை வேண்டாம் என்று எலுனெட் அங்கேயே சொல்லிவிட்டாள். போதகருக்கு வேறு ஒரு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. ரொட்டி அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் ஆர்மோனியம், பீங்கான் அலமாரி, பைபிள் எல்லாம் சமையல்கூடத்துக்கு இடம்பெயர்ந்தன. எம்ரிஸை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் கட்டிலை இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

“அந்தக் கொட்டில்ல போடுங்க. இனி அது அவன் ரூம்” என்றாள் எலுனெட்.

எம்ரிஸ் காலை நீட்டிப் படுத்தான். ஜன்னல் வழியே பிற்பகல் வெயில் முழங்கால் மேல் விழுந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடைக்காத சுகம். எலுனெட் போர்வையைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள். அவள் திரும்பிப் போவதற்குள் அவனுக்கு நாக்கு அரித்தது.

“புருஷன்னு ஒருத்தன் குளிர்காலம் முழுக்கக் கெஞ்சினேன், கிடைக்கல. செத்துப்போன மாடு சிபாரிசு பண்ணினதும் கிடைச்சிருச்சு.”

எலுனெட் கதவைப் பிடித்தபடி திரும்பினாள்.

“மாடாவது பால் குடுத்துச்சு” என்றாள்.

அந்தப் பாலை நாற்பது வருடம் காலையும் மாலையும் குந்தி உட்கார்ந்து கறந்தது யார் என்று எம்ரிஸ் கேட்கவில்லை. கேட்டால் கட்டிலைத் திரும்பத் தூக்கிவிடுவாளோ என்று பயந்து, போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டான்.