'எங்களுக்கு' என்றால் யாருக்கு?

போன வாரம் சாலவாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புதுக் கிணறு திறந்தார்கள். மாலை, மைக் செட், தலைவர் பேச்சு — எல்லாம் உண்டு. முன் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி. ஏன் தெரியுமா? அந்தக் கிணற்றுக்குப் பெட்டிஷன் எழுதியவன் அடியேன்!

பெட்டிஷன் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை முடிந்து வந்தால் உத்திரமேரூரில் என் வீட்டு வாசலில் நாலு பேராவது காத்திருப்பார்கள். அப்படி வந்தவர்தான் முனியம்மா. அந்தக் கிராமத்துச் சேரியில் இருப்பவர். நடவு, அறுப்பு என்று கூலி வேலை. கோடையில் ஏரியின் கலங்கல் தண்ணீரைக் குடித்து அவர் மகளுக்குப் பேதி கண்டு, பிழைத்ததே பெரும்பாடு.

"எங்களுக்கு ஒரு கெணறு வோணும்னு எய்திக் குடுங்க சார்" என்றார்.

'எங்களுக்கு' என்பது மொட்டையாக இருக்கிறதே என்று, 'எங்கள் ஊருக்கு' என்று அழகாக எழுதினேன். யூனியன் ஆபீசில் பலித்தும் விட்டது.

விழா முடிந்து தேடினால், முனியம்மா கூட்டத்துக்கு வெளியே தனியாக நிற்கிறார்.

"என்னம்மா, சந்தோஷம்தானே?"

"இன்னா சார் சந்தோசம்? ஊருக்குன்னு எய்திட்டீங்களே... ஊர்ல ஏற்கெனவே ரெண்டு கெணறு கீது. நாங்க கீறது சேரியாச்சே. இதுல எங்கள மொள்ள வுடுவாங்களா?"



மறுநாளே யூனியன் ஆபீஸ் ஓவர்சியரிடம் ஓடினேன். அவர் பைலைப் பிரித்து என் கையெழுத்தையே காட்டினார். "ஊருக்குன்னு கேட்டீங்க, ஊர்ல வெட்டிட்டோம். சேரிக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா சார்? இனிமே அடுத்த வருஷம்தான்."

யார் மொள்ளப் போகிறார்கள், எங்கே வெட்ட வேண்டும்... இந்த இரண்டையும் கேட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

புதுப் பெட்டிஷன் எழுதியாயிற்று. இந்தத் தடவை முனியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். 'சேரியில், புளியமரத்துக்கு வடக்கே, சேரி ஜனங்கள் மொண்டு குடிக்க.' வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் கைநாட்டு. ஆனாலும் அடுத்த கோடைக்கும் அந்த வீட்டில் ஏரித் தண்ணீர்தான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"ஏதோ கை தவறி எய்திட்டீங்க, வுடுங்க சார்" என்று அந்த அம்மாள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

கை தவறவில்லை, வாசகர்களே... 'ஊர்' என்று எழுதும்போது என் நினைவில் சேரியே இல்லை!