மத்தி வயிற்று நிறத்தில் ஒரு விரிகுடா

ஜேலே தன் படங்களில் விரிகுடாவுக்கு விதவைக் கறுப்பு உடுத்திவிட்டாள் என்று பேசுகிறவர்கள் முதலில் தங்கள் சன்னலைத் திறந்து பார்க்கட்டும். மாரிக்காலத்தில் கொட்டோர் விரிகுடாவின் இந்தக் கரையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மலை சூரியனை விழுங்கிவிடும். எதிர்க்கரைக்காரர்கள் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நமக்காக இரக்கப்படுவார்கள். இருப்பதை இருக்கிறபடி வரைந்தால் குற்றமாம்!

கோடையில் அவளுக்கு ஏது நேரம்? வாடகை அறைகளின் விரிப்புகளைத் துவைக்கவே கை போதாது. நீலக்கடலைப் பார்ப்பது விருந்தாளிகளின் உத்தியோகம். குளிர் வந்தால்தான் தூரிகை. மீன் வைக்கும் தட்டில் சாம்பல் நிறங்களைக் குழைத்து, தட்டைச் சன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடித் தண்ணீரோடு ஒப்பிடுவாள். "இது மத்தி மீன் வயிறு. இது ஆலிவ் ஊறுன தண்ணி. இது பாதிரியாரோட வெளுக்காத காலர்." ஈயமாய்க் கிடக்கும் நீர், மலை மேல் சரிந்த மேகம், இரண்டுக்கும் நடுவே எலுமிச்சைத் தோலளவு வெளிச்சம். அந்தக் கீற்றைப் பார்த்தால், தொலைவில் இருக்கும் யாரோ வந்துவிடுவார்கள் என்று நெஞ்சு சொல்லும்.

பக்கத்து வீட்டு லூட்சே ஏழு தலைமுறைக் கப்பல் தலைவர்களின் வாரிசு. படகில் ஏறினால் வாந்தி எடுப்பாள். அவள் கேட்டாள்: "ஏன்டி, கொஞ்சம் நீலம் கலந்தா கை வெந்துடுமா?"

"கடலு கலக்கட்டும் அக்கா, நானும் கலக்குறேன்."

கணவர் திரிபோவின் கவலை வேறு. "வாடகை ரூம்ல மாட்டினா, வர்றவனுங்க இங்க யாரு செத்ததுன்னு கேக்குறானுங்கடி."

இந்த ஊரில் தென்காற்று அடிக்கும் நாளில் யாரும் பெண் கேட்கப் போவதில்லை, மீனுக்கு உப்புப் போடுவதில்லை. அன்று பேசியதற்கும் செய்ததற்கும் காற்றுதான் பொறுப்பு; மறுநாள் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. திரிபோவைப் போல் இந்த வழக்கத்தை மதித்தவர் கிடையாது. பெண்டாட்டியைத் திட்டியதெல்லாம் தென்காற்றில்தான். மற்ற நாட்களில் தங்கம்.

போன மாரி முழுவதும் அவள் ஒரே ஒரு பெரிய படம் வரைந்தாள். தென்காற்று ஊளையிட்ட ஒரு காலை, அவள் ரொட்டி வாங்கப் போன நேரத்தில், படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை அவர் அதன் மேல் அடித்துவிட்டார். எலுமிச்சைக் கீற்று இருந்த இடத்தில் முட்டைக்கரு போல ஒரு சூரியன். அதுவும் வடக்கில்! கடவுளுக்கே தோன்றாத யோசனை.

"நான் எங்கடி பண்ணேன்? காத்து பண்ண வெச்சுது."

தெருவே தலையாட்டியது. "தென்காத்துல நடந்ததை மனசுல வெச்சுக்காதம்மா" என்றார் பாதிரியார். ஜேலே காய்ந்து இறுகிய நீலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அடியில் இருந்த மத்தி வயிறும் சேர்ந்து உரிந்து வந்தது. காற்று திரும்பட்டும் என்று இருந்தாள்.

திரும்பியது. வடகாற்று வானத்தைத் துடைத்து வைத்திருந்த காலையில் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தூரிகைகளைத் துணியில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, வாசலுக்கு வந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" திரிபோ தெருவுக்கே கேட்கக் கத்தினார். "தென்காத்து இன்னும் தலைய விட்டு எறங்கலையா?"

லூட்சே சன்னலைத் திறந்தாள். ஜேலே படியில் நின்றாள். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, எல்லோரும் பார்க்க உயரத் தூக்கினாள். விரலின் வடக்குப் பக்கம் குளிர்ந்தது. அந்த விரலைத் திரிபோவின் முகத்துக்கு நேரே ஒரு கணம் நீட்டிக் காட்டிவிட்டு, வெளியே நின்றபடி கதவைச் சாத்தினாள்.