கோப்மன் வீட்டுக்குப் போகாத வியாழக்கிழமை

லிங்கன்ஷயரின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே அந்தப் பள்ளி திறந்த 1955இல் எட்னா பிண்டருக்கு வயது இருபத்திரண்டு. முதல் நாளிலிருந்தே அலுவலகத் தட்டச்சு இயந்திரம் அவளுடையது. பதினோரு வயதுப் பரீட்சையில் தேறியவர்கள் பேருந்தேறி நகரத்துப் பள்ளிக்குப் போனார்கள். தேறாதவர்கள் இங்கே வந்து தையலும் தச்சுவேலையும் பன்றி வளர்ப்பும் கற்று, பதினைந்தில் வயலுக்கோ பட்டாணி ஆலைக்கோ போனார்கள்.

பதின்மூன்றாம் வயதில் மட்டும் ஒரு கதவு கொஞ்சம் திறக்கும். தலைமையாசிரியர் பரிந்துரைத்து, தகப்பனும் கையெழுத்திட்டால் நகரப் பள்ளிக்கு மாறலாம். 1957இல் தலைமையாசிரியர் தர்ல்பி எழுதியது ஒரே பெயர்தான்: மேவிஸ் கோப்மன்.

படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

"அப்பாவுக்கு இதுல பாதி புரியலையாம் மிஸ்," என்றாள் மேவிஸ். "ஸ்கூல்லேருந்து யாராச்சும் வீட்டுக்கு வந்து சொல்லணுமாம். வியாழக்கிழமை டீக்கு வரச் சொன்னார்."

தர்ல்பி எட்னாவைப் பார்த்தார். "நீங்க அந்த வழியாத்தானே போறீங்க, மிஸ் பிண்டர்? ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்."

வியாழக்கிழமை மாலை எட்னாவின் சைக்கிள் கோப்மன் வீட்டுப் பாதை முனையில் நின்றது. அங்கிருந்து அரை மைல், டிராக்டர் உழுதுபோட்ட சேறு. அவள் காலில் புதுச் செருப்பு. போன மாதம் சந்தையில் மேவிஸின் அப்பா அவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது: "படிச்ச பொண்ணு கிழங்கு பொறுக்க வருமாக்கும்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எட்னா நினைத்தாள். சைக்கிளைத் திருப்பினாள்.

"தகப்பனாருக்கு இஷ்டமில்லை சார்," என்றாள் மறுநாள். தர்ல்பி அளவுகோலை வைத்துப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

அதன்பின் இரண்டு வருடம், வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் தினமும் அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தவள் மேவிஸ். "குட் மார்னிங் மிஸ்" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு பட்டாணி ஆலைக்குப் போனாள்.

1989இல் பள்ளியை மூட முடிவானது. பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை, தொடக்கம் முதல் அங்கேயே இருந்த எட்னாவிடம் வந்தது. பழைய மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தந்தார்கள். மேவிஸ் தன் பக்கத்தை நேரில் கொண்டுவந்தாள். எட்னா நின்றபடியே படித்தாள்.

'அன்று அப்பா பூட்ஸைக் கழுவி, சர்ச்சுக்குக் கட்டும் டையைக் கட்டிக்கொண்டார். அம்மா சோம்பு கேக் சுட்டார். பள்ளியிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை.'

"மேவிஸ்... வர வேண்டியவ நான்தான்."

"தெரியும் மிஸ். நம்ம ஊரு தட்டைத் தரையில ஒரு மைல் தள்ளி முயல் ஓடினாலே தெரியுமே. மூணு பேரும் ஜன்னல்லதான் நின்னோம்."

"நான் திரும்பினதையும் பாத்தீங்களா?"

"'பாவம், பஞ்சர் போல'ன்னார் அப்பா. பம்பைத் தூக்கிக்கிட்டு முனை வரைக்கும் ஓடினார். டையெல்லாம் சேறு!" மேவிஸ் சிரித்தாள். "இன்னொரு நாள் வருவீங்கன்னு அம்மா கேக்கை வெட்டவே விடலை. ஒரு வாரம் கழிச்சுக் கோழிக்குத்தான் போட்டோம்."

எட்னா தாளை மறுபடி பார்த்தாள். "என் பேரை ஏன் எழுதலை?"

"எதுக்கு மிஸ்? நீங்க இந்த ஊர்லதானே இருந்தாகணும்."

அவள் போனபின் எட்னா தாளைச் செருகித் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். 'பள்ளியிலிருந்து வர வேண்டியவர்' என்ற இடம் வந்ததும் விரல்கள் நின்றன. அந்தச் சொற்களை விட்டுவிட்டு, 'எட்னா பிண்டர்' என்று அடித்தாள். பக்கத்தின் அடியில், தன் கணக்கில் ஒரு வரி சேர்த்தாள்:

'சைக்கிள் பஞ்சர் ஆகவில்லை.'