மாளிகைக்குள் அடைபட்ட சாமைக் களம்

மலைக்காரர்களின் களத்தைப் பூட்டிவிட்டுத்தான் அந்த மாளிகையில் நம்மைத் தங்கவைக்கிறார்கள். ஜவ்வாது மலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில், விடுதியாகப் புதுப்பித்த அந்த மாளிகையைப் பார்க்கும் ஆசையில் நான்கு நாள் போனேன். காலை 6.10க்கு வேலூரில் பஸ், 7.25க்கு அமிர்தி. டிக்கெட் இரண்டு ரூபாய். அங்கிருந்து ஒன்பது மைல் ஏற்றம், நடைதான். அறை வாடகை நாளுக்கு முப்பது ரூபாய்.

கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். எவனோ ஒரு வெள்ளைக்கார மர வியாபாரி எகிப்துக் கோயில் மாதிரி கட்டியது. தாமரை மொட்டுத் தூண்கள், வாசலில் மனிதத் தலையோடு இரண்டு கல் சிங்கங்கள். (பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை; எகிப்தெல்லாம் நூலகத்தில் நானே படித்துக்கொண்டது.) ஆனால் மலைக்காரர்கள் சாமை அடிக்கும் களமான பின்புறத்துப் பாறையையும் சேர்த்து வேலி போட்டுப் பூட்டி, சூரிய அஸ்தமனம் பார்க்க நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

வேலிக்கு வெளியே சாமைக் கட்டுகள் குவிந்துகிடந்தன. கட்டுகளுக்குக் காவலாக நின்ற ஊர்க்காரி குப்பம்மாளிடம், "வேறு பாறையில் அடித்தால் என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அடிக்கலாங்க. துன்ன முடியாதே. மொத கட்ட இந்தப் பாறையில அடிச்சி, இங்கயே பொங்க வச்சாத்தான் முப்பது வூட்லயும் புதுசு ஒலையில ஏறும். பழசு தீந்துபோச்சி. கெயங்கு தோண்டித் துன்னுக்கினு கீறோம்."

மாளிகைக் காவலாளி சிரித்தான். "சிங்கத்தாண்ட கேளுக்கா. அதான் இங்க ஆபீசரு."

"அதுக்காச்சும் மனுசத் தல கீதுடா. ஒனக்கு இன்னா கீது?"

மேலாளரிடம் போய் வேலிக்கதவின் சாவி கேட்டேன். உமி பறந்தால் விருந்தினருக்கு இருமல் வருமாம். "இருக்கிற ஒரே விருந்தினன் நான்தான். எனக்கு வராது" என்றேன். மேலிடத்து உத்தரவு என்றார்.

அன்று மாலை பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுகளை அங்கேயே இலை போர்த்தி வைத்திருந்தார்கள். தினமும் இரண்டு தடவை சாவி கேட்டேன். நான்காம் நாள் காலை குப்பம்மாள் ஒரு கட்டைப் பிரித்தாள். உள்ளே சூடு, கதிரெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளை. அவள் அதை மறுபடி கட்டி இலை போர்த்தினாள். அந்த முகத்துக்கு நேராக நிற்க முடியாமல் கிளம்பிவிட்டேன்.

மூன்று மனு போட்டேன், பதில் இல்லை. இதை எழுதியும் எதுவும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். அறுப்பு மாதத்தில் மேலாளர் வேலியைத் திறக்க வேண்டும். உத்தரவு போட்ட அதிகாரி மலையேறி, ஒரு வேளையாவது அந்த வீடுகளில் சாப்பிட உட்கார வேண்டும். கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள், முளைத்துக் கெட்டதற்கு ஈடாக, அடுத்த ஆடிக்குள் விதைச் சாமை தர வேண்டும். நீங்கள் போனால், அறை எடுக்குமுன் களம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பையை இறக்காதீர்கள். அமிர்தியில் கடைசி பஸ் 5.40க்கு, இறங்க மூன்று மணி நேரம் ஆகும். இரண்டரைக்குள் திரும்பி நடந்துவிடுங்கள்.