ரொசாலியம்மாவின் அதிரச டப்பா

போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் கிண்ணம் திரும்பி வந்தது. பாயசம் கொடுத்து அனுப்பிய கிண்ணம். நன்றாகத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று... காலியாக.

என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஒரு பிடி சீனியாவது போட்டுக் குடுக்கக் கூடாதாங்க? வெறுங்கிண்ணத்த நீட்டுறாங்க."

புதிதாகக் குடிவந்தவர்கள், நம் வழக்கம் தெரியாது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு அருகதை இல்லை. ஏன் என்கிறீர்களா?

சில வருஷங்களுக்கு முன், தோளில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினேன். காரைக்காலில் ஒருவன் பாரிஸ் போகிறான் என்றால், அவனுக்கு முன்னால் சேதி ஊரைச் சுற்றிவிடும். அப்புறம் அந்தப் பை அவனுடையது இல்லை. அங்கே இருக்கும் மகனுக்கு ஊறுகாய், மருமகளுக்கு வடகம்... என் சட்டைகளில் பாதியை எடுத்து வெளியே வைத்தேன்.

கடைசியாக வந்தவர் தலத்தெரு ரொசாலியம்மா. எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம். மகன் அந்துவானுக்கு. அவர் பிரான்சுக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, மெல்ல மெல்லக் கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டவர்.

"பிளாஸ்டிக் பையில குடுங்கம்மா, இடம் அடைக்காது."

"வேணாம் தம்பி. பையின்னா தூக்கிப் போட்டுருவான். டப்பான்னா திருப்பித் தரணும்ல? வெறும் டப்பாவாத் தர மாட்டான், எதுனாச்சும் போட்டுத்தான் தருவான். அது ஒண்ணு வந்தா போதும் எனக்கு."

பாரிஸில் அந்துவான் வீட்டைத் தேடிப் போன அன்று விடாத மழை. குறை சொல்ல முடியாது — துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார், காபி கொடுத்தார். பிரெஞ்சுக்கார மனைவி கை குலுக்கினார். அதிரசத்தைத் தட்டில் எடுத்து வைத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அந்துவான் மட்டும் தின்றுகொண்டே இருந்தார்.

கிளம்பும்போது அவர் மனைவி டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மூடி, என் கையில் கொடுத்தார். "மெர்சி" என்று நன்றியும் சொன்னார். அந்துவான் கதவு வரை வந்தார்.

"அம்மாவ உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

டப்பாவை அவர் பார்க்கவே இல்லை. உங்கள் அம்மா இதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாமோ? எனக்கு அது தோன்றியபோது கதவு சாத்தியிருந்தது.

தெருவில் இறங்கினேன். டப்பாவின் மூடியில் மழை விழுந்து சத்தம் போட்டது. எதிரே ஓர் இனிப்புக் கடை. நுழைந்துவிட்டேன்.

முதலில் எக்ளேர். உள்ளே கிரீம் — நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. அடுத்த கடையில் மகரோன். வாயில் வைத்ததும் கரைந்தது. ஆனால் விரல் பட்டாலே நொறுங்குகிறதே, பம்பாய் வரையாவது வருமா? இன்னொரு கடையில் சாக்லேட்... வேண்டாம். நனைந்த கோழி மாதிரி ஒருவன், கையில் எவர்சில்வர் டப்பாவோடு ஒவ்வொன்றாக ருசி பார்ப்பதைக் கண்டு கடைப் பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் நுகா. தேனும் பாதாமும் போட்டு இறுக்கிய வெள்ளைத் துண்டுகள், நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்துச் சொந்தம். டப்பா நிறைய வாங்கினேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தலத்தெருவுக்குப் போனேன். ரொசாலியம்மா டப்பாவை வாங்கும்போதே கனத்தைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"அந்துவான் வாங்குனானா?"

"ஆமாம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வாய் சும்மா இருக்குமா? எக்ளேர் ஏன் ஒத்துவரவில்லை, மகரோன் எப்படி நொறுங்கியது, மழையில் கடை கடையாக எப்படி ஏறி இறங்கினேன்... அளந்துகொண்டே போனேன்.

அவர் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு தம்பி" என்றார். அதன் பிறகு அந்துவானைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பஸ் பிடித்து, நெரவியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் அதே டப்பா. நிறைய அதிரசம்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"டப்பாவ ரொப்பிக் குடுத்தவங்களுக்குத்தானே தம்பி பதிலுக்கு ரொப்பித் தரணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடை கடையாக ஏறி இறங்கிய கதையை நானே அளந்து என்னைக் காட்டிக்கொடுத்தது அப்போதுதான் உறைத்தது.

அந்த டப்பாவில் எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது? முறுக்கு போடலாம் என்று எடுப்பேன். லட்டு போடலாம் என்று எடுப்பேன். அந்துவான் கொடுக்காத எது போனாலும் அது காலி டப்பாதானே என்று தோன்றும், வைத்துவிடுவேன். அப்படியே நாள் ஓடிவிட்டது. போன மழைக்காலத்தில் ரொசாலியம்மா காலமானார். டப்பா இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களை நான் என்ன சொல்ல? காலியாகவாவது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.